பச்சை ஃபிலோடெண்ட்ரானில் பாதி வெள்ளையாக ஒரு இலை: நோயா?

கொடிக்காரி
இதய வடிவ இலை ஃபிலோடெண்ட்ரான், இதுவரை சுத்தப் பச்சை. இப்போது நுனியில் விரிந்த இலையில் நடுநரம்புக்கு ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் பாலேட்டு நிறம். அதற்கடுத்த குருத்திலும் வெளிர் கீற்றுகள் தெரிகின்றன. பழைய இலைகளில் ஒன்றுமில்லை. இடம் மாற்றவில்லை, புதிதாக உரமும் போடவில்லை. நோய் என்றால் மற்ற செடிகளிடமிருந்து பிரிக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டி வேர் பிடிக்க வைக்க ஆசை.

பச்சைப்பானை
புது இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைதான். நுண்ணூட்டம் கொடுங்கள், சரியாகிவிடும்.

கணுப்பித்தன்
எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரும்புக் குறையில் இலை முழுக்க மஞ்சளடிக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நடுநரம்போடு நின்றுவிடாது. சிலந்திப்பேன் என்றால் பொடிப்பொடிப் புள்ளிகள், இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை.

பயப்பட வேண்டியது தேமல் வைரஸுக்குத்தான். இந்தக் குடும்பத்துச் செடிகளில் அது நரம்பை ஒட்டி இறகுபோல வெளிறும், இலை சுருங்கிக் கோணலாகவும் வரலாம். அசுவினிப் பூச்சியும் வெட்டும் கத்தியும் அதைப் பரப்பும். அதனால் இலை நேராக, வழக்கமான அளவில் விரிகிறதா என்று பாருங்கள். அதுவரை தள்ளியே இருக்கட்டும்.

இலை நன்றாக இருந்தால், குருத்து நுனியில் ஏதோ ஒரு செல் பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்திருக்கிறது. அதிலிருந்து பிரிந்த செல்லெல்லாம் வெளிர்தான். தண்டைத் திருப்பிப் பாருங்கள், அந்தப் பக்கமாக வெளிர் கோடு ஓட வேண்டும். எனக்கு இலையைவிட அந்தக் கோடுதான் முக்கியம். பக்க மொட்டு பச்சைப் பகுதியில் இருந்தால் பச்சைக் கிளைதான் வரும். முழு வெள்ளையில் இருந்தால் வெள்ளைக் கிளை வரும். பார்க்க அழகு, ஆனால் தனியாக வெட்டி நட்டால் பிழைக்காது. இரண்டும் சேரும் ஓரத்தில் மொட்டு இருந்தால் நல்ல வாய்ப்பு.

கொடிக்காரி
கோடு இருக்கிறது! இலையும் கோணலாக இல்லை. நுனியிலிருந்து இரண்டாவது கணுவின் மொட்டு சரியாகக் கோட்டு ஓரத்தில். வெளிச்சம் கூட்டினால் வெள்ளை அதிகமாகுமா? அந்த இலையை மட்டும் கிள்ளித் தண்ணீரில் வைக்கலாமா?

தொட்டிச்செடி
இலை மட்டும் வேண்டாம். வேர் விட்டாலும் விடும், கணு இல்லாமல் தளிர் வராது. பாம்புச் செடியில் இலைத்துண்டு முளைக்குமே என்றால், மஞ்சள் ஓரம் உள்ள ரகத்தை அப்படி வைத்தால் குட்டி பச்சையாகத்தான் வரும்.

கணுப்பித்தன்
வெளிச்சம் வெள்ளையை உண்டாக்காது. பாதி இலைதான் உணவு தயாரிக்கிறது என்பதால் நல்ல வெளிச்சம் தேவை, அவ்வளவுதான். நேர் வெயில் பட்டால் வெள்ளைப் பக்கம் கருகிவிடும்.

இப்போதே வெட்டாதீர்கள். இன்னும் சில இலைகள் வரட்டும். நுனி அப்போதும் இரு நிறமாக வந்தால், அந்தக் கணுவுக்குச் சற்று மேலே சுத்தமான கத்தியால் வெட்டி, நுனித் துண்டைத் தண்ணீரில் வையுங்கள். கீழே அந்த ஓர மொட்டு துளிர்க்கும். நுனி பச்சைக்குத் திரும்பிவிட்டாலும் வெட்டு அதே இடத்தில்தான்.