இத்தாலில ஃபேமிலியோட வாடகை கார் – போயிட்டு வந்தவங்க அனுபவத்தை சொல்லுங்க

இத்தாலில கார் எடுக்கலாமா வேணாமான்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. நான் அப்பா அம்மா, மனைவி, பையனோட இப்பதான் போயிட்டு வந்தேன், மறக்கறதுக்குள்ள எழுதிடறேன், மத்தவங்களும் கீழ சேருங்க. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மட்டும்தான்னா கார் வேண்டவே வேண்டாம், ரயிலே ராஜா மாதிரி போகுது. ஆனா டஸ்கனி பக்கம் மலைக்கிராமமெல்லாம் பார்க்கணும், கூட முட்டிவலி இருக்கற பெரியவங்க வர்றாங்கன்னா கண்டிப்பா கார் எடுங்க, அங்க பஸ்ஸை நம்பி உட்கார்ந்தா பாதி நாள் ஸ்டாப்லயே போயிடும்.

நாங்க ரோம்லயும் ஃப்ளாரன்ஸ்லயும் கார் இல்லாமத்தான் சுத்தினோம். ஃப்ளாரன்ஸை விட்டு கிளம்புற அன்னைக்கு காலைலதான் வண்டி எடுத்தோம், அதுவும் ஊருக்குள்ள இருக்கற ஆபீஸ்ல இல்ல, ஏர்போர்ட் பக்கம். ரயில்வே ஸ்டேஷன்கிட்ட இருந்து டி2 ட்ராம் நேரா ஏர்போர்ட்டுக்கே போகுது, பெட்டியோட ஏறிடலாம். எதுக்கு இவ்ளோ சுத்துன்னு அப்பா கேட்டாரு. காரணம் இஸட்.டி.எல்.

இதை மட்டும் நல்லா படிச்சுக்கோங்க. இத்தாலில நிறைய பழைய ஊர்கள்ல நடுப்பகுதிக்குள்ள வெளி வண்டி போகக்கூடாது, அதைத்தான் இஸட்.டி.எல்-ன்னு சொல்றாங்க. போலீஸ் நிறுத்தமாட்டாங்க, தடுப்பு கேட்டும் கிடையாது, வெள்ளை வட்டத்தைச் சுத்தி சிவப்பு வளையம் போட்ட போர்டு, பக்கத்துல ஒரு கேமரா, அவ்ளோதான். சில இடத்துல எலக்ட்ரானிக் போர்டு இருக்கும், அதுல "வார்கோ அத்திவோ"ன்னு எரிஞ்சா கேமரா வேலை செய்யுது, உள்ள போகாதீங்க. "நோன் அத்திவோ"ன்னு இருந்தாதான் போகலாம். அத்திவோன்னா ஏதோ ஓப்பன்னு நினைச்சு நிறைய பேர் நுழைஞ்சிடறாங்க. ஒரு தடவை நுழைஞ்சா 80 யூரோவுக்கு மேல, அதே நாள் வேற கேமராவை தாண்டினா அதுக்கு தனி அபராதம். கேமரா நம்பரை எடுக்கும், போலீஸ் வாடகை கம்பெனியை கேட்கும், கம்பெனி நம்ம பேர் அட்ரஸ் குடுத்துட்டு அந்த வேலைக்கே நம்ம கார்டுல தனியா ஒரு சார்ஜ் போடும். அது அபராதம் இல்ல! அபராதம் அப்புறமா தபால்ல வீட்டுக்கு வரும், வெளிநாட்டுக்காரங்களுக்கு அனுப்ப சட்டப்படி 360 நாள் வரைக்கும் டைம் இருக்கு. நோட்டீஸ் கைக்கு வந்து 5 நாளுக்குள்ள கட்டினா 30 சதவீதம் குறையும், அதனால வந்தா தூக்கி ஓரமா வைக்காதீங்க. கூகுள் மேப் இதை எப்பவும் கரெக்டா சொல்லாது, அதனால நான் ஹோட்டல் பேரைப் போட்டு வண்டி ஓட்டவே இல்ல, ஒவ்வொரு ஊருக்கும் மதிலுக்கு வெளிய இருக்கற பார்க்கிங் பேரை முன்னாடியே எழுதி வச்சு அதைத்தான் போட்டேன். உங்க ஹோட்டல் உள்ள இருந்துச்சுன்னா வண்டி நம்பரை அவங்ககிட்ட குடுத்து பதிவு பண்ண சொல்லுங்க, பண்ணிட்டோம்னு மெசேஜ் வந்த அப்புறம் போங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. ஆர்டிஓ-ல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கணும், ஃபீஸ் 1000 ரூபா, ஒரு வருஷம் செல்லும், நம்ம ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே இருக்கணும். அடுத்தது கிரெடிட் கார்டு. யார் ஓட்டறாங்களோ அவங்க பேர்லயே இருக்கணும், டெபிட் கார்டை நிறைய இடத்துல டெபாசிட்டுக்கு வாங்கமாட்டாங்க. நம்ம ஊர் கார்டுல வெளிநாட்டு டிரான்ஸாக்ஷன் ஆஃப் ஆகித்தான் இருக்கும், பேங்க் ஆப்ல ஆன் பண்ணி லிமிட்டையும் ஏத்தி வைங்க, எனக்கு முன்னாடி லைன்ல நின்ன ஒரு குடும்பம் இதுக்காகவே ரொம்ப நேரம் போன்ல பேங்க்கோட மல்லு கட்டிட்டு இருந்தாங்க, பாவமா இருந்துச்சு.

கவுன்டர்ல நடந்தது எனக்கு இன்னும் கோவம்தான். புக்கிங்லயே சி.டி.டபிள்யூ, அதாவது வண்டிக்கு அடிபட்டா கவர் பண்ற இன்சூரன்ஸ் இருக்கு, ஆனா ஆயிரம் யூரோவுக்கு மேல ஒரு தொகை வரைக்கும் நம்ம பொறுப்பு, அந்த தொகைக்கு நான் வேற கம்பெனில தனி பாலிசி எடுத்து வச்சிருந்தேன். கவுன்டர்ல இருந்தவர் இது இத்தாலில செல்லாது, எங்க ஃபுல் கவர் எடுக்கலைன்னா வண்டி தரமுடியாதுன்னு சொன்னாரு. பின்னாடி லைன், மடில பையன் தூங்கறான், அம்மா என்னப்பா பிரச்சனைன்னு கேட்கறாங்க, இந்த நேரத்துல எல்லாரும் சரின்னு கையெழுத்து போட்டுடுவாங்க, அதான் அவங்களுக்கும் வேணும். நான் வவுச்சரை விரிச்சு சி.டி.டபிள்யூ இருக்குன்னு போட்ட வரியை காட்டி, "டெபாசிட்டை பிளாக் பண்ணிக்கோங்க, வேற கவர் வேண்டாம், தரமுடியாதுன்னா அதை எழுதி குடுங்க"ன்னு பொறுமையா கேட்டேன். எழுதி எல்லாம் யாரும் தரமாட்டாங்க. சாவி வந்துடுச்சு.

வண்டியை கைல வாங்கினதும் நாலு பக்கமும் வீடியோ, வீல் ரிம், பம்பர் அடிப்பக்கம், கண்ணாடி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம். பின் பம்பர்ல இடது மூலைல விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அவங்க ஷீட்ல அது இல்ல. ஆளைக் கூப்பிட்டு எழுத வச்சு கையெழுத்தும் வாங்கினேன். திருப்பி விடும்போது செக் பண்ண வந்தவர் நேரா குனிஞ்சு அதே கீறலைத்தான் விரலால தடவினாரு! ஷீட்டை காட்டினதும் ஓகே ஓகேன்னு போயிட்டாரு.

ஓட்டறதைப் பத்தி பயப்படாதீங்க. வலது பக்கமா ஓட்டறது கொஞ்ச நேரத்துல பழகிடும், ரவுண்டானால உள்ள சுத்தற வண்டிக்கு வழி விடணும், அவ்ளோதான். ஆட்டோமேட்டிக் வேணும்னா புக் பண்ணும்போதே கேளுங்க, அங்க மேனுவல்தான் சாதாரணம். ஆட்டோஸ்ட்ராடான்னா பச்சை போர்டு, டோல் ரோடு, 130 வரை போகலாம், மழைன்னா 110. நுழையும்போது மெஷின்ல டிக்கெட் எடுத்து பத்திரமா வைங்க, இறங்கற இடத்துல காசு. மஞ்சள்ல டெலிபாஸ்னு (நம்ம ஊர் ஃபாஸ்டேக் மாதிரி) மட்டும் போட்ட லேன் பக்கம் போகாதீங்க, கைல காசு படம் போட்ட லேன் எடுங்க. ஒருவேளை மெஷின் கார்டை எடுக்கலைன்னா ரிவர்ஸ் எடுக்கக்கூடாது, ஹெல்ப் பட்டனை அமுக்கினா ஒரு சீட்டு வரும், 15 நாளுக்குள்ள ஆன்லைன்ல கட்டிக்கலாம்.

பெட்ரோல் பங்க்ல ஒரே பங்க்ல ரெண்டு விலை இருக்கும், "செர்விதோ"ன்னா ஆள் வந்து போடுவாரு, விலை கூட. "செல்ஃப்"ல நாமே போட்டுக்கலாம். மத்தியானம் ஆளே இருக்கமாட்டாங்க, நடுவுல ஒரு மெஷின், அதுல நோட்டை விட்டு பம்ப் நம்பரை அமுக்கணும், மிச்சம் காசு திரும்பாது, ரசீதுதான் வரும், அதனால சின்ன நோட்டா வச்சுக்கோங்க. பார்க்கிங்ல நீலக் கோடு காசு, வெள்ளைக் கோடு ஃப்ரீ, மஞ்சள் நமக்கு இல்ல. பையனுக்கு பூஸ்டர் சீட் எடுத்தோம், 150 சென்டிமீட்டருக்கு கீழ இருக்கற பசங்களுக்கு அது கட்டாயம்.

இவ்ளோ தலைவலி எதுக்குன்னு கேட்டீங்கன்னா டஸ்கனில வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு பக்கம் போய் பாருங்க. சியனால சாந்தா கத்தரீனா பார்க்கிங்ல விட்டா எஸ்கலேட்டர்லயே மேல பழைய ஊருக்கு போயிடலாம், அம்மா ஒரு படி ஏறலை. அங்கிருந்து தெற்க கோதுமை வயல், வரிசையா சைப்ரஸ் மரம், நிறைய இடத்துல வண்டியை ஓரம் கட்டி நிக்கலாம். பாஞ்ஞோ விஞ்ஞோனின்னு ஒரு குட்டி ஊர், ஊர் நடுவுல இருக்கவேண்டிய மைதானத்துக்கு பதிலா வெந்நீர் ஊத்து குளம். அதுல இறங்கக்கூடாது, ஆனா கொஞ்சம் தள்ளி பழைய மாவு மில் பக்கம் பாறைல வெட்டின சின்ன வாய்க்கால்ல அதே தண்ணி இளஞ்சூடா ஓடுது, டிக்கெட் எல்லாம் இல்ல. அம்மா புடவையை கணுக்கால் வரை தூக்கிட்டு உட்கார்ந்து காலை விட்டவங்க எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டாங்க, பக்கத்துல ஒரு இத்தாலி பாட்டி, ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது, முட்டியை முட்டியை காட்டி ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க. ராத்திரி தங்கினது அக்ரிதூரிஸ்மோ, அதாவது பண்ணை வீடு, பார்க்கிங் ஃப்ரீ, சமையல்கட்டு உண்டு, அம்மா ரசம் வச்சாங்க. அப்பா அம்மாவோட போறவங்க ஊருக்குள்ள ஹோட்டல் எடுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

———

அண்ணா ரொம்ப விவரமா எழுதிருக்கீங்க, நன்றி. நாங்க வடக்கு பக்கம் போனோம், மிலான் மல்பென்ஸா ஏர்போர்ட்ல வண்டி எடுத்து கோமோ ஏரி, அப்புறம் டோலமைட்ஸ் மலைப்பக்கம். அந்தப் பக்கம் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ஏ36-ன்னு ஒரு ரோடு இருக்கு, பெடமொன்டானா லொம்பார்தா, அதுல டோல் கேட்டே கிடையாது, கேமரா மட்டும்தான், நாமளா வெப்சைட்ல போய் வண்டி நம்பர் போட்டு 15 நாளுக்குள்ள கட்டணும். மேப் சத்தமில்லாம அந்த ரோட்டுல விட்டுரும், அதனால அதுல போனீங்கன்னா அன்னைக்கு ராத்திரியே கட்டிருங்க. மிலான் ஊருக்குள்ள ஏரியா சி-ன்னு தனியா கட்டணம் இருக்கு, நாங்க காரோட உள்ளயே போகல.

டோலமைட்ஸ்ல கார் இருந்ததுதான் எங்களுக்கு வரம். காலைல இருட்டோட கிளம்பி லாகோ தி ப்ராயெஸ் ஏரிக்கு போய்ட்டோம், தண்ணி அப்படியே கண்ணாடி. கோடை சீசன்ல காலைல 9.30-க்கு மேல முன்பதிவு இல்லாம அந்த பள்ளத்தாக்குக்குள்ள வண்டி விடமாட்டாங்க, அதுக்கு முன்னாடி உள்ள போயிடணும். த்ரே சீமேங்கற மலைச் சிகரங்கள் பக்கம் மேல போற ரோட்டுக்கு தனி கட்டணம், அதையும் ஆன்லைன்ல புக் பண்ணிட்டு போங்க. கொண்டை ஊசி வளைவுல சைக்கிள்காரங்க நிறைய, பொறுமையா பின்னாடியே போங்க, ஹாரன் அடிக்காதீங்க. அப்புறம் நவம்பர் 15-ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் போறவங்க வின்டர் டயர் இருக்கானு கவுன்டர்லயே கேளுங்க.

———

வணக்கம், நான் லண்டனில இருந்து எழுதுறன். நாங்கள் சிசிலிக்கு போனனாங்கள், மனுசியின்ர தமையன் குடும்பம் பலெர்மோவில தான் இருக்கினம், அங்க எங்கட ஆக்கள் கனபேர். பலெர்மோ எயார்போர்ட்டிலயே கார் எடுத்தம். அத்தான் முதலே சொல்லிப்போட்டார், பெரிய கார் எடாதை, ஃபியட் பாண்டா மாதிரி சின்னனா எடு எண்டு. அது நூறு வீதம் சரி. ஊருக்குள்ள ரெண்டு பக்கமும் கார் விட்டு நடுவில ஒரு கார் மட்டும் போற ஒழுங்கையள், ஸ்கூட்டர்காரர் எந்தப் பக்கத்தால வருவினம் எண்டு தெரியாது. லண்டன் இன்சூரன்ஸ் பழக்கத்தில இருக்கிற ஆக்களுக்கு சொல்லுறன், சிசிலியில கட்டாயம் எக்ஸஸ் கவர் (அடிபட்டா எங்கட பொறுப்பில வாற தொகைக்கான இன்சூரன்ஸ்) எடுங்கோ, நிப்பாட்டி வச்ச காரிலயே கீறிப்போட்டு போடுவினம்.

ரோட்டுக்கு காசு பெரிசா இல்லை. பலெர்மோவில இருந்து கத்தானியா போற ஏ19 ஃப்ரீ, ஆனா வேலை நடக்கிற இடங்கள் கூட, நேரத்தை கூடப்போட்டு வெளிக்கிடுங்கோ. மெஸ்ஸினா போற ஏ20-க்கு டோல் இருக்கு. எட்னா எரிமலையில ரிஃபுஜியோ சபியென்ஸா எண்ட இடம் வரைக்கும் காரிலயே ஏறலாம், 1900 மீட்டர் உயரம், கீழ வெயில், மேல குளிர், பிள்ளையளுக்கு ஜக்கெட் காருக்குள்ள இருக்கட்டும்.

எங்களுக்கு மனம் நிறைஞ்சது மொன்டே பெல்லெக்ரினோ தான். மலையில குகைக்குள்ள சாந்தா ரொசாலியா கோயில், எங்கட சனம், சைவம், வேதம் (கிறிஸ்தவம்) எண்டில்லாமல், ஞாயிற்றுக்கிழமையில ஏறிப் போகினம். மாமிக்கு நடக்க ஏலாது, கார் இல்லாட்டி அவவை கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டம். குகைக் கூரையில இருந்து சொட்டுற தண்ணியை தகரப் பீலி வச்சு பிடிக்கினம், மாமி அதில கை நனைச்சு பிள்ளையின்ர நெத்தியில தடவி விட்டா.

———

அமால்ஃபி கடற்கரைக்கு கார்ல போகலாமா? நாங்க நாலு பேர், ரெண்டு பெரியவங்க.

———

சார், வேண்டாம். அங்க போற எஸ்.எஸ்.163 ரோடு ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், எதிர்ல பஸ் வந்தா யாராவது ஒருத்தர் பின்னாடி எடுத்தே ஆகணும். சீசன்ல நம்பர் பிளேட் ஒற்றைப்படை இரட்டைப்படைன்னு நாள் பிரிச்சுத்தான் பகல்ல விடறாங்க, வாடகை கார்ல எந்த நம்பர் வரும்னு நமக்கு முன்னாடி தெரியாது. பார்க்கிங்கும் விலை ஜாஸ்தி, கிடைக்கறதும் கஷ்டம். ரயில்ல சலெர்னோ போய் அங்கயே ரூம் எடுங்க, அங்கிருந்து வெயில் சீசன்ல அமால்ஃபி, பொசித்தானோ ரெண்டுக்கும் படகு இருக்கு, பெரியவங்க உட்கார்ந்தே எல்லாத்தையும் பார்த்துடுவாங்க. காத்து ஜாஸ்தியா இருந்தா படகு ஓடாது, அதனால முதல் நாளே போயிடுங்க, கடைசி நாளுக்கு வைக்காதீங்க.