காசு வந்துவிட்டது, அந்தப் பந்து மட்டும் மனதை விட்டுப் போகவில்லை

கோத்தகிரி தையல்

போன மாதம் ஆன்லைனில் காசுக்குச் செய்த ஒரு ஸ்டடி, அதாவது ஆய்வு. 15 நிமிடம், ஒன்றரை டாலர். பந்து எறியும் விளையாட்டுதான், இங்கே பலர் செய்திருப்பீர்கள். திரையில் நான் கீழே, மேலே இரண்டு பேர். பந்து யாரிடம் வருகிறதோ அவர் அடுத்தவருக்கு எறிய வேண்டும். அந்த இருவரும் இதே நேரத்தில் வேறு ஊர்களில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள் என்று போட்டிருந்தது.

முதலில் இரண்டு தடவை எனக்கு வந்தது. அப்புறம் வரவே இல்லை. அவர்களே மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருந்தார்கள். நான் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். வெளியே பனிமூட்டத்தில் எதிர்வீடு கூடத் தெரியவில்லை. மிஷினில் பாதி தைத்த பிளவுஸ் கிடக்கிறது. இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிடம் இருக்கும். எழுந்து போய் ஊசியில் நூல் கோத்திருக்கலாம். கையை எடுக்க முடியவில்லை.

அடுத்த பக்கத்தில் கேள்விகள். 'நான் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தேன்', 1 முதல் 5 வரை. 5 போட்டேன். 'நான் யார் கண்ணுக்கும் தெரியாதது போல் உணர்ந்தேன்.' அதற்கும் 5. எட்டாம் வகுப்பில் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் விட்டார்கள். ஆறு மாதம் சாப்பாட்டு மேசையில் ஒருத்தியும் என் பக்கம் திரும்பவில்லை. அந்த மேசைதான் ஞாபகம் வந்தது. கடைசிப் பக்கத்தில்தான் சொல்கிறார்கள், அந்த இருவரும் ஆட்களே இல்லையாம், புரோகிராமாம். நன்றி, ஆய்வை முடித்ததற்கு இதோ உங்கள் கோட்.

காசு மறுநாளே வந்துவிட்டது, புகார் சொல்ல வரவில்லை. எதிரில் ஆளே இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் ஆறவில்லை? அதுதான் புரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

மலைப்பூண்டு

எனக்கு 92 சதவீதம். பூம்பாறையில் காற்றுக்காலம் எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பூண்டு பிடுங்கி முடித்த வாரம். 45 நிமிட ஆய்வு, 6 டாலர். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் நீளப் பட்டையில் 92 என்று பார்த்தேன், கரண்ட் போய்விட்டது. மோடம் அணைந்தது. போனில் பார்த்தால் டவரும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் 'நேரம் முடிந்துவிட்டது'.

நடந்ததை அப்படியே ஆய்வாளருக்கு எழுதினேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. மறுநாள் வந்தது. என் பதில்கள் முக்கால்வாசி பதிவாகியிருக்கின்றன, தனக்குப் பயன்படும், 4 டாலர் போனஸாகப் போடுகிறேன் என்று எழுதியிருந்தார். கடைசியில் தனியாக ஒரு வரி: 'அங்கே காற்று நின்றுவிட்டதா?'

நின்றுவிட்டது, நன்றி என்று அடித்து அனுப்பினேன். அதற்குள் ஸ்டடியை மூடிவிட்டார்கள், செய்தி போகவில்லை. நான் பதில் சொல்லவில்லை என்று அவர் நினைத்திருப்பார். வருஷம் ஒன்றாகிறது.

கேத்தி பழைய ஆள்

தையல் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏமாற்று என்ற சொல்லை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் இங்கே அடுத்து யாராவது சொல்வார்கள், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். அது பெயர் பெற்ற விளையாட்டு, 'சைபர்பால்' என்பார்கள். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கியது. அவர் ஒருநாள் பூங்காவில் நாயோடு உட்கார்ந்திருந்தபோது யாரோ இருவர் எறிந்து விளையாடிய ஃபிரிஸ்பீ தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தார். அந்த இரண்டு பேரும் அவரையும் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் விளையாடினார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமல் அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர், ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதற்கே மனம் இவ்வளவு வலிக்கிறதே என்றுதான் ஆராயத் தொடங்கினார். 2004இல் வந்த ஆய்வில், எதிரில் இருப்பது கம்ப்யூட்டர்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டு விளையாட விட்டார்கள். அப்போதும் மனம் வாடத்தான் செய்தது. ஆகவே உங்களுக்கு ஆறாததில் விசித்திரம் ஒன்றுமில்லை.

இப்படி உண்மையை மறைத்து நடத்தும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், முடிந்ததும் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் இருக்கிறது. பங்கெடுப்பவர் எந்தக் கட்டத்திலும் விலகலாம்.

என் அனுபவம் சின்னதுதான். இப்படிச் சின்ன வேலைகளுக்குக் காசு தரும் அமேசான் மெக்கானிக்கல் டர்க் தளம் 2005இல் வந்தது, நான் கொஞ்சம் பிந்திச் சேர்ந்தேன். அப்போது ரூபாய்க் காசோலை தபாலில் வரும். அமெரிக்காக்காரன் உனக்கு எதற்குப் பணம் அனுப்புகிறான் என்று தபால்காரர் கேட்டார். கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை, அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

புதிதாக வருபவர்களுக்காகச் சிலது. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பணம் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருவதை வாங்கலாம். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இணைக்க வேண்டும், பணம் எதற்காக வருகிறது என்பதற்கான பர்ப்பஸ் கோட் கொடுக்க வேண்டும். பணம் அங்கே தங்காது, தானாக வங்கிக்குப் போய்விடும், டாலரை மாற்றும்போது கொஞ்சம் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் மறக்காமல் காட்டுங்கள். இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போடவே போடாதீர்கள். ஒரே ஆள் இரண்டு கணக்கு வேண்டாம். ஆய்வின் பெயர், தேதி, கோட் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள், கோட் வந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'கவனித்துப் படிக்கிறீர்களா என்று பார்க்க இதில் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்' என்று நடுவில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கும், அவசரத்தில் அதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். பல ஆய்வுகள், முன்பு செய்ததில் 95 சதவீதத்துக்கு மேல் ஏற்கப்பட்டவர்களைத்தான் எடுக்கும், தொடக்கத்தில் இரண்டு ரிஜெக்ட் விழுந்தாலே எழுவது கஷ்டம். பூண்டு தம்பி, யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள்.

கோத்தகிரி தையல்

அண்ணா, பேபால் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பூங்காவும் தட்டும் எனக்குத் தெரியாது. இரண்டு முறை படித்தேன். அந்த மனுஷனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அவ்வெ மகன்

இரண்டு மொழி பேசுபவர்களுக்கான ஆய்வு. தாய்மொழி எது என்று ஒரு பட்டியல். தமிழ் இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, மலையாளம் இருக்கிறது. நாங்கள் நீலகிரியில் பேசும் படுகு இல்லை. 'வேறு' என்பதை அழுத்தி, கீழே இருந்த கட்டத்தில் படுகு என்று எழுதினேன். அடுத்த பக்கம்: இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே மாதிரி இன்னொன்று, 8 டாலர். இந்த முறை கன்னடம் என்று அழுத்திவிட்டேன். உள்ளே விட்டார்கள். மூன்றாவது பக்கத்தில், கன்னட எழுத்தில் ஒரு பத்தி கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொன்னது. மைக்கின் சிவப்பு விளக்கு எரிகிறது. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அடுத்த அறையில் அவ்வெ, என் அம்மா, எங்கள் பேச்சில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள், அவள் குரல் மைக்கில் பதிவாகிக்கொண்டிருந்தது. வெளியேறு என்று அழுத்திவிட்டு வந்துவிட்டேன்.

கேத்தி பழைய ஆள்

தம்பி, இதில் குற்ற உணர்வு வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே படுகைக் கன்னடத்தின் கீழ்தான் சேர்த்திருக்கிறார்கள். அரசாங்கக் கணக்குப்படி நீங்கள் சொன்னது பொய்யில்லை.

அவ்வெ மகன்

அண்ணா, கணக்கெடுப்பில் எங்கே போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அவ்வெ பேசுவதைக் கன்னடக்காரர் கேட்டால் முழுசாகப் புரியுமா என்று பெங்களூரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நான் 8 டாலருக்காகத்தான் அதை அழுத்தினேன். அதைச் சரி என்று சொல்ல இன்னொருவர் வேண்டாம். முதல் ஆய்வில் உண்மையை எழுதியபோது ஒரு நொடியில் வெளியே அனுப்பினார்களே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். மொழிகளைப் பற்றிய ஆய்வு அது.

கூடலூர் வாசி

இங்கே எல்லாம் உண்மையான ஆய்வு பற்றிப் பேசுகிறீர்கள். என் அண்ணிக்கு டெலிகிராமில் வந்தது. ஐந்து கேள்விக்குப் பதில், 150 ரூபாய், உடனே ஜிபேயில் விழுந்தது. அடுத்த நாளும் விழுந்தது. மூன்றாம் நாள் 'உயர்நிலை ஆய்வு', சேர 3,000 கட்ட வேண்டும், 4,200 ஆகத் திரும்பும் என்றார்கள். கட்டினார். அப்புறம் 9,000. கொழுந்து பறித்த கூலிக் காசு அது. அண்ணி தயங்கியபோது அந்த ஆள் போனில் பேசினான், நான் பக்கத்தில்தான் இருந்தேன். 'அக்கா, இரண்டு நாளாக உங்களை ஒரு ரூபாயாவது ஏமாற்றினேனா?' என்றான். அவ்வளவு மரியாதையான குரல். நானே தலையாட்டினேன்.

தெரிந்ததும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்தோம். 9,000 பிடித்து வைக்கப்பட்டது, 3,000 போனதுதான். ஆய்வில் சேர நம்மிடம் காசு கேட்டால் அது ஆய்வு இல்லை. நான் தலையாட்டியதை அண்ணி இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை.

நாயுடுபுரம் வாத்தியார்

கொடைக்கானலில் 34 வருடம் பள்ளி ஆசிரியர், ஓய்வு பெற்றுவிட்டேன். மகள்தான் இந்த நினைவாற்றல் ஆய்வில் சேர்த்துவிட்டாள். வீடியோ அழைப்பு, தமிழிலேயே, 500 ரூபாய் கூப்பன். ஒரு பெண் 15 சொற்கள் வாசித்தார், திருப்பிச் சொன்னேன். 9 வந்தது. வேறு ஏதோ படங்கள், கணக்குகள். அரைமணி நேரம் கழித்து, முதலில் சொன்ன சொற்களில் ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள் சார் என்றார். 4 சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தார். வகுப்பில் பதில் தெரியாமல் நிற்கும் பையனுக்கு நான் அப்படிக் காத்திருப்பேன், அதே முகம்.

என் வயதுக்கு இது சரியா என்று கேட்டேன். சொல்ல அனுமதி இல்லை சார், இது மருத்துவப் பரிசோதனை இல்லை, ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது என்றார். திறந்து பார்த்தேன், இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு 'குடை' என்ற சொல் வந்தது. மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் கட்டம் என்று நேற்று மெயில் வந்திருக்கிறது.

கேத்தி பழைய ஆள்

சார், விருப்பமில்லை என்றால் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். முதல் கட்டத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் தனியாகக் காட்டிக்கொள்ளுங்கள், ஆய்வை நம்பி இருக்க வேண்டாம்.

நாயுடுபுரம் வாத்தியார்

படித்தேன் தம்பி, விலகலாம் என்று படிவத்தில் இருக்கிறது. விலக மனம் இல்லை. 14ஆம் தேதி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.