கொழும்பில் ஓட்டிப் பழகியவனுக்கு ரொறன்ரோ பனி: கார் சறுக்காமல் இருக்க என்ன வழி?

வெள்ளவத்தையான்:
வணக்கம். ஜனவரியில் ரொறன்ரோவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், அங்கே அத்தானின் பழைய கொரோலாவை நான்தான் ஓட்ட வேண்டிவரும். காலி வீதி வெள்ளத்திலும் நுவரெலியா வளைவுகளிலும் ஓட்டியிருக்கிறேன், பனியில் ஓட்டியதே இல்லை. காரில் இருப்பது ஓல் சீசன் ரயர், அதாவது எல்லாப் பருவத்துக்கும் என்று விற்பது. வீட்டு வாசல் ஏற்றத்திலேயே சில்லு சும்மா சுற்றுகிறதாம். டிக்கியில் இரண்டு மூட்டை மணல் போட்டு, ரயரில் காற்றையும் குறைத்தால் பிடிக்கும் என்று இங்கே ஒரு கராஜ்காரர் சொல்கிறார். சரியா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பி, மணல் மூட்டை பின்சில்லு இழுக்கும் பிக்கப்புக்குத்தான். அத்தானின் கார் முன்சில்லால் இழுப்பது, டிக்கியில் பாரம் ஏற்றினால் முன்பக்கம் இலேசாகி இருக்கிற பிடியும் போய்விடும். காற்றை நீங்கள் குறைக்கத் தேவையில்லை, குளிரே குறைத்துவிடும்! ஏறக்குறைய 5, 6 பாகை இறங்கினால் ரயர் காற்றழுத்தத்தில் 1 பிஎஸ்ஐ போகும், அதனால் 20 பாகையில் 32 அடித்த ரயர் மைனஸ் 10இல் 26, 27க்கு வந்திருக்கும். சாரதிப் பக்கக் கதவடியில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, கார் ஓடமுன் அடிக்கச் சொல்லுங்கள்.

விஷயம் ரப்பரில்தான் இருக்கிறது. 7 பாகைக்குக் கீழே ஓல் சீசன் ரப்பர் இறுகத் தொடங்கும், வின்டர் ரயர் மென்மையாகவே இருக்கும், அதன் பூவில், அதாவது வீதியைத் தொடும் பக்கத்தில், உள்ள மெல்லிய வெட்டுகளும் பனியைக் கவ்வும். மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ போட்ட குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சேறும் பனியும் என்று பொருள்படும் எம் பிளஸ் எஸ் (M+S) மட்டும் இருந்தால் நான் நம்பமாட்டேன். நான்கு சில்லுக்கும் போட வேண்டும். காசை மிச்சம்பிடிக்க முன்னுக்கு மட்டும் போட்டால், பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வந்துவிடும்.

பம்பலப்பிட்டி அக்கா:
கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் ரயர் கட்டாயம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் இன்சூரன்சில் கழிவு உண்டு, அத்தானைக் கேட்கச் சொல்லுங்கோ.

வெள்ளவத்தையான்:
நன்றி. அத்தான் ரயர் மாற்றச் சம்மதித்துவிட்டார். அப்புறம், கார் பனியில் புதைந்தால்? ஃபோர் வீல் கார் வாடகைக்கு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஃபோர் வீல் கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக் எல்லாக் காருக்கும் அதே நான்கு ரயரில்தான், அதனால் முன்னால் போகும் காரிலிருந்து நன்றாகத் தள்ளியே ஓட்டுங்கள். சில்லு இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலைசெய்து பிரேக் பெடல் துடிக்கும்போது பயந்து காலை எடுக்கவேண்டாம், அமத்திப் பிடியுங்கள். பாலங்கள் முதலில் உறையும், கீழேயும் குளிர்காற்றுத்தானே.

புதைந்தால் அக்சிலேட்டரை மிதித்துச் சுற்றவைக்கவே கூடாது, அந்தச் சூட்டில் பனி உருகித் திரும்ப உறைந்து கண்ணாடியாகிவிடும். முதலில் புகைக்குழாய் வாயில் பனி அடைத்திருக்கிறதா பாருங்கள், அடைத்தால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். பிறகு முன்சில்லைச் சுற்றித் தோண்டி, மணலோ பூனை மண்ணோ (பூனைக் கழிவுத் தட்டில் போடும் மண்) தூவி, சில்லு சுற்றினால் இழுவையைக் குறைக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோலை நிறுத்திவிட்டு, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். அந்த மணலை டிக்கியில் ஒரு சின்னப் பையில் வைத்திருங்கள், மூட்டை வேண்டாம்.

வெள்ளவத்தையான்:
சரி அண்ணை. மண்வெட்டி ஒன்றும் வாங்கி வைக்கச் சொல்கிறேன்.