அசனத்தில் இலை எடுத்த நாள்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர்:

கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம். மூன்று வருஷமாக ஒருவரைத் தவிர யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 12 வருஷம் கணக்குப் பார்த்தேன். காணிக்கை எண்ணுவது, சங்கக் காணிக்கை வசூலிப்பது, பண்டிகைச் செலவு எழுதுவது எல்லாம் என் கையில்தான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் சபைத் தேர்தலில் 11 ஓட்டில் தோற்றேன். ஜெயித்தவர் ஓய்வுநாள் பள்ளியில் என்னிடம் படித்த பையன்.

கணக்கு நோட்டு, சாவி, ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் மறுநாளே ஒப்படைத்தேன். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. மாதாமாதம் சபை உதவி வாங்கும் விதவைத் தாய்மாரின் பெயர்கள் எழுதிய சின்ன நோட்டு அது. யாருக்கு எவ்வளவு, யாருக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், யாருக்கு மருந்துக்காகக் கூடுதல் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. அப்படி ஒரு நோட்டு இருப்பதே புதியவருக்குத் தெரியாது. தடுமாறட்டும், அப்போதுதான் என் அருமை தெரியும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்த நாட்களில் குடும்ப ஜெபத்தில் நான் அடிக்கடி வாசித்தது 1 பேதுரு 5:6. "ஏற்றகாலத்திலே தேவன் உங்களை உயர்த்தும்படிக்கு" என்பதைப் பிடித்துக்கொண்டு அழுது ஜெபித்தேன். "அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்" என்று அதே வசனம் முடிகிறது. அது வாயில் வந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

அப்புறம் பிரதிஷ்டைப் பண்டிகை, அதாவது ஆலயம் பிரதிஷ்டை செய்த நாளை நினைத்துக் கொண்டாடும் பண்டிகை, வந்தது. எங்கள் பக்கத்து அசனம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பண்டிகையை ஒட்டி ஊரே கூடி ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் ஆக்கிச் சாப்பிடுவோம். முந்தின ராத்திரியே காய் வெட்ட உட்கார்ந்துவிடுவார்கள். பந்தியில் பண்ணையாரும் கூலிக்காரரும் ஒரே வரிசை. 12 வருஷமும் நான் டோக்கன் மேஜையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன். அந்த வருஷம் பூவரச மரத்தடியில் தனியாக நின்றேன். முதல் பந்தி முடிந்ததும் தேர்தலில் ஜெயித்த அந்தத் தம்பி வந்தார். கை முழங்கை வரைக்கும் குழம்பு.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் இலை எடுக்க ஆள் இல்ல. கொஞ்சம் வாறீங்களா?"

என்னைச் சிறுமைப்படுத்தத்தான் கேட்கிறார் என்று மனசு சொன்னது. ஆனால் பதிலுக்குக்கூட நிற்காமல் அவரே குனிந்து எடுக்கத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் எதிர்வரிசையில் குனிந்தேன். நாலைந்து இலை எடுத்திருப்பேன். அடுத்த இலைக்கு முன்னால் ஒரு வயதான அம்மா எழுந்திரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் நோட்டில் மூன்றாவது பெயர் அவர்களுடையது. மருந்துக்காகக் கூடுதல் என்று எழுதியிருந்தது அவர்களுக்குத்தான்.

"நீயா ராசா எடுக்கே? கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாரு" என்று என் எச்சில் கையைப் பிடித்தார்கள். இரண்டு மாதமாக உதவி வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரால் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

அந்த இலையைக் கூடையில் போட்டுவிட்டு நேரே கோயிலுக்குள் போனேன். ஜெபம் என்று நீளமாக ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, நீர் எங்கே வைக்கிறீரோ அங்கே இருக்கிறேன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "வாங்கண்ணாச்சி, இப்பவே ஒவ்வொரு வீடாப் போயிட்டு வந்துருவோம்" என்றார். போனோம்.

இப்போதும் நான் கமிட்டியில் இல்லை. உயர்த்தப்பட்டேன் என்று சாட்சி சொல்லவும் என்னிடம் ஒன்றுமில்லை. அசனத்தில் இலை எடுக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணன் குனிந்ததை எழுதினீர்கள். எனக்கு நடந்தது வேறு மாதிரி. குனிய முடியாமல் போய்த்தான் நான் கற்றுக்கொண்டேன்.

போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் கட்டிலில் கிடந்தேன். அதுவரை யாருக்குச் சுகமில்லை என்றாலும் முதலில் கஞ்சி கொண்டுபோகிறவள் நான்தான். மற்றவர்களுக்குச் செய்வதைத்தான் தாழ்மை என்று எண்ணியிருந்தேன். எனக்கு ஒருவர் செய்யவேண்டி வந்தபோது தாங்க முடியவில்லை. மருமகள் வெந்நீரும் துண்டும் கொண்டுவந்து கால் துடைக்க உட்கார்ந்தால் காலை இழுத்துக்கொள்வேன். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது, "நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னது பணிவினால் என்றே இத்தனை வருஷமும் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். அதில் பெருமையும் ஒளிந்திருக்கிறது என்பது கட்டிலில்தான் தெரிந்தது.

அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் அப்போது அடிக்கடி நினைவுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓடியாடிச் செய்தவர். 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். அந்த 20 வருஷமும் மற்றவர்கள் அவருக்குச் செய்தார்கள். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து, இவ்வளவு பெரிய ஊழியருக்கு இவ்வளவுதானா என்று வருத்தப்பட்டிருக்கிறேன். கட்டிலில் கிடந்தபோது அந்தத் தொட்டியை நினைத்தாலே மனசு அடங்கியது.

ஒருநாள் என் காலை இழுக்காமல் வைத்திருந்தேன். மருமகள் நிமிர்ந்து பார்த்து, "வலிக்குதா அத்தை?" என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம்.

சென்னையிலிருந்து ஒரு தம்பி:

இரண்டையும் படித்தேன். எனக்கு இன்னும் அந்த அனுபவம் இல்லை. வீட்டுச் சுவர் விஷயத்தில் என் அண்ணனோடு பேசி ஒன்றரை வருஷமாகிறது. நியாயம் என் பக்கம்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் நாளைக் காலையில் நானே முதலில் போன் செய்யப்போகிறேன். அவர் எடுப்பாரா என்று தெரியவில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள்.