25 சுருட்டு உள்ள கட்டு வாங்கினேன், பாதி இழுக்கவே மாட்டேன் என்கிறது. மலிவான சுருட்டில் நல்லதை எப்படிப் பார்த்து எடுப்பது?

மலைக்கோட்டை_மாப்பிள்ளை:
என் மாமனார் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 76. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு சுருட்டு, அதுவும் திருச்சி நாட்டுச் சுருட்டுதான் வேண்டும். விடச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று, அந்தப் பேச்சை இங்கே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். அவர் வழக்கமாக வாங்கின கடையை மூடிவிட்டார்கள். போன வாரம் நானே போய் வேறொரு கடையில் ஒரு கட்டு வாங்கினேன், ஒன்று 15 ரூபாய். பார்க்கக் கறுகறுவென்று பளபளப்பாக நன்றாகத்தான் இருந்தது. சர்ச்சில் குடித்த சுருட்டு என்று கடைக்காரர் வேறு சொன்னார். வீட்டுக்கு வந்து பற்றவைத்தால் ஒன்று ஒருபக்கமாக எரிகிறது, இன்னொன்று இழுத்து இழுத்துக் கன்னம் வலித்ததுதான் மிச்சம், மூன்றாவதில் மூத்திர நெடி மாதிரி ஒரு வாடை. மாமா ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே என்னைப் பார்த்தார். அடுத்த முறை காசு கொடுப்பதற்கு முன்பே எதை வைத்து முடிவு செய்வது? நானும் எப்போதாவது குடிப்பேன், ஆனால் இந்த விஷயத்தில் சுத்தமாக ஒன்றும் தெரியாது.

வெண்சாம்பல்:
சாம்பல் வெள்ளையாக விழுந்தால் நல்ல சுருட்டு, கறுப்பாக விழுந்தால் குப்பை. அவ்வளவுதான்.

உறையூர்_பழசு:
சாம்பல் கதையை அப்புறம் பார்ப்போம், அதைப் பார்க்கக் காசு கொடுத்துப் பற்றவைத்தாக வேண்டுமே.

தம்பி, நான் சுருட்டு சுற்றும் கொட்டகைக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவன். முதலில் பளபளப்பை மறந்துவிடுங்கள். விலை குறைந்த சுருட்டில் கடைக்காரர் உங்களுக்குக் காட்டுவது மேலிலையை மட்டும்தான், அதற்குத்தான் இருப்பதிலேயே நல்ல இலையாகப் பார்த்துப் போடுவார்கள். நீங்கள் குடிக்கப்போவது உள்ளே இருப்பதை. அதனால் கண்ணை விட விரலை நம்புங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் பொதுக்கென்று உள்ளே போனால் அங்கே இலை குறைச்சல், அந்த இடம் வந்ததும் சூடாகித் தாறுமாறாக எரியும். கல் மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் உள்ளே நடு நரம்பை உரிக்காமல் அப்படியே வைத்துச் சுற்றியிருக்கிறார்கள், உங்கள் கன்னம் வலித்தது அதனால்தான். கொஞ்சம் அமுங்கி மறுபடி எழுந்து வந்தால் பதம் சரி. காதுப் பக்கம் வைத்து லேசாக உருட்டும்போது மொறுமொறுவென்று சத்தம் வந்தால் காய்ந்துபோன சரக்கு.

பிறகு மூக்கு. பற்றவைக்காமலே அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். நன்றாகப் பாடம் போட்ட புகையிலையில் வைக்கோல், மரம், சில நேரம் காய்ந்த திராட்சை மாதிரி வாசம் இருக்கும். நீங்கள் சொன்ன மூத்திர நெடி அம்மோனியா. இலையை அடுக்கி வைத்துப் புழுங்கவிட வேண்டும், அடுக்கு உள்ளே சூடாகும், பிரித்துப் பிரித்து மாற்றி அடுக்க வேண்டும், அப்போதுதான் அது வெளியேறும். அதற்கெல்லாம் நாள் பிடிக்கும், நாள் என்றால் காசு, 15 ரூபாய்ச் சுருட்டில் முதலில் கைவைப்பது அங்கேதான். அந்த நெடி லேசாக இருந்தால் ஒரு மாதம் மூடி வைத்துப் பாருங்கள், குறையலாம். தூக்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நம் நாட்டுச் சுருட்டு பெரும்பாலும் இரண்டு பக்கமும் திறந்தே இருப்பதால் வாயில் வைத்து வெறுமனே இழுத்தும் பார்க்கலாம், ஆனால் கடையில் அதைச் செய்தால் அடி விழும், ஒன்றுக்குத் தனியாகக் காசு கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

சரி, எல்லாவற்றையும் விட முக்கியமானது. கட்டு வாங்குவதற்கு முன்னால் ஒன்று மட்டும் வாங்கி, வீட்டில் பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். நீளமான இலைகள் மடிந்து மடிந்து முனைக்கு முனை ஓடினால் தாராளமாகக் கட்டு வாங்கலாம். துண்டும் துணுக்குமாக இருந்தாலும் தப்பில்லை, இந்த விலைக்கு அதுதான் வழக்கம், ஆனால் தூளாகவும் குச்சியாகவும் கொட்டினால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். 15 ரூபாய் போனால் போகிறது, மீதி 24 தப்பும்.

சர்ச்சில் விஷயம்: உறையூரில் எந்தக் கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

வேடசந்தூர்_மண்:
மேலே வெள்ளைச் சாம்பல் என்று சொன்னவருக்கு. சாம்பல் நிறம் மண்ணிலிருந்து வருவது, மக்னீசியமும் கால்சியமும் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து வெளுக்கும். வெள்ளைச் சாம்பல் கொடுக்கும் மோசமான சுருட்டும் உண்டு. திருச்சிச் சுருட்டின் சாம்பல் கறுப்பாகச் செதில் செதிலாக விழும் என்பது 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே துப்பறியும் தடயமாக இருக்கிறது. உங்கள் கணக்குப்படி அப்போதிலிருந்தே அத்தனையும் குப்பையா?

சாம்பலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, அது எவ்வளவு நேரம் உதிராமல் நிற்கிறது என்பதை. ஓர் அங்குலம் நின்றால் உள்ளே நீள இலை இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சுருட்டு அடிக்கடி அணைந்தால் எல்லோரும் சுற்றியவரைத்தான் திட்டுகிறார்கள். பல நேரம் குற்றம் கிணற்றில் இருக்கும். உப்புத் தண்ணீர் பாய்ந்த புகையிலையில் குளோரைடு ஏறிவிடும், அது சரியாக எரியாது. வேதாரண்யம் பக்கம் மெல்லுவதற்கு விளைகிற புகையிலைக்கு அது ஒரு குறையே இல்லை, சுருட்டுக்குத்தான் ஆகாது. சரியாக இழுத்தும், காய்ந்த சுருட்டாக இருந்தும், நிமிஷத்துக்கு ஒரு முறை அணைகிறது என்றால் இலையே அப்படித்தான், எத்தனை நாள் வைத்திருந்தாலும் தேறாது.

வெண்சாம்பல்:
சரிங்க, எங்க தாத்தா சொன்னதைச் சொன்னேன். இவ்வளவு கோபமா?

பருத்தித்துறை_காற்று:
யாழ்ப்பாணத்திலும் சுருட்டு பெரிய தொழிலாக இருந்தது, ஊரில் எங்கள் பெரியப்பா வைத்திருந்தவர். எங்கள் பக்கத்தில் புகையிலைக்குக் கோடா போடுவார்கள், பதப்படுத்தத் தெளிக்கிற சாறுதான் அது. அளவோடு போட்டால் ருசி, அளவு மிஞ்சினால் மட்டமான இலையை மறைக்கிற வேலை. உங்கள் சுருட்டு கறுகறுவென்று பளபளத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு இடிக்கிறது. விரலைக் கொஞ்சம் நனைத்து மேலிலையில் தேய்த்து வெள்ளைக் கடதாசியில் ஒற்றிப் பாருங்கோ. லேசான பழுப்பு வந்தால் இயல்பு. மை மாதிரிக் கறுப்பாக ஒட்டினால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

விமானநிலையக்_கடை:
வெளிநாட்டு மலிவுச் சுருட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. '100 சதவீதம் புகையிலை' என்று அட்டையில் இருந்தால் முழு இலை என்று அர்த்தமில்லை. புகையிலைத் தூளைக் கூழாக்கித் தாள் மாதிரி இழுத்துச் சுற்றியிருந்தாலும் அதுவும் புகையிலைதான். அதே மாதிரி கியூபாப் பெட்டியில் 'எச்சோ ஆ மானோ', அதாவது கையால் செய்தது என்று மட்டும் இருந்தால் முழுக்கக் கைவேலை என்று எடுத்துக்கொள்ள முடியாது. முழுக்கக் கையால் செய்ததற்கு 'தொதால்மெந்தே ஆ மானோ' என்று போடுவார்கள். ஹோசே எல். பியெத்ரா என்று விலை குறைந்த கியூபாச் சுருட்டு ஒன்று இருக்கிறது, உள்ளே துண்டு இலைதான், மேலே நரம்பு நரம்பாக அவலட்சணமாக இருக்கும், ஆனால் குடிக்க நன்றாகவே இருக்கும். உறையூர்_பழசு அண்ணன் பளபளப்பை மறக்கச் சொன்னது அங்கேயும் செல்லும்.

வனிலா, செர்ரி என்று வாசனை ஏற்றிய எதையும் நான் தொடுவதில்லை. நல்ல இலைக்கு அது எதற்கு?

உறையூர்_பழசு:
ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மேலிலையில் குண்டூசி குத்தின மாதிரி துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வண்டு. ஒரு சுருட்டில் இருந்தால் கட்டு முழுக்கப் பரவும். அப்படி இருக்கிற கட்டை வாங்காதீர்கள், ஏற்கெனவே வாங்கிவிட்டால் துளை விழுந்ததை எறிந்துவிட்டு, மீதியைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் மூன்று நான்கு நாள், பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அப்புறம் வெளியே. திடீரென்று வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். பச்சையாகவோ நீலமாகவோ பஞ்சு மாதிரி பூத்திருந்தால் அது பூஞ்சை, குப்பைத் தொட்டிதான்.

அவசர அவசரமாக இழுத்தால் எவ்வளவு நல்ல சுருட்டும் கசக்கும், நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும். புகையை உள்ளே விழுங்கக் கூடாது, அப்படி விழுங்காவிட்டாலும் வாய்ப்புற்றுநோய் ஆபத்து போகாது, அதையும் மாமாவுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மலைக்கோட்டை_மாப்பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒன்றை அறுத்தேன். ஒரு விரல் நீளத்துக்கு நடு நரம்பு, சுற்றிலும் தூள். ஈர விரலை ஒற்றினதில் காகிதம் கறுப்பாகிவிட்டது. நான் பிளேடும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மாமா கட்டை வாங்கி, ஒவ்வொன்றாக விரலில் அழுத்தி முகர்ந்து, அதிலிருந்து ஆறு எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் நாளே அவரிடம் கேட்டிருக்கலாம். அடுத்த வாரம் கடைக்கு அவரையே கூட்டிப் போகிறேன்.

ஃப்ரீசரில் வைக்க மனைவி விடமாட்டேன் என்கிறாள். இந்த ஆறில் துளை எதுவும் இல்லை. எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் போதுமா?

உறையூர்_பழசு:
துளை இல்லாவிட்டால் போதும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வெயில் படக் கூடாது. ஊறுகாய் வைத்திருந்த டப்பாவாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.