பிக் லைன்: மருந்து உள்ளே போகிறது, ரத்தம் திரும்பி வரவில்லை
அம்மாவுக்குக் கீமோவுக்காக வலது கையில், முழங்கைக்கு மேலே, பிக் லைன் (கை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு அருகே வரை செல்லும் மெல்லிய குழாய்) போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. 4 பிரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு), ஒற்றைக் குழாய். ஊர் மதுரை. போன வாரத்திலிருந்து சலைன் தடையில்லாமல் உள்ளே போகிறது, ஆனால் சிரிஞ்சைப் பின்னால் இழுத்தால் ஒரு சொட்டு ரத்தம் வரமாட்டேன் என்கிறது. கையைத் தூக்கி, இருமச் சொல்லி, தலையைத் திருப்பிப் படுக்கவைத்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. 10 மில்லி சிரிஞ்சில் சலைனை விட்டு விட்டுத் தள்ளித்தான் ஃப்ளஷ் செய்கிறோம் (குழாயைக் கழுவுகிறோம்), வாராந்திர டிரெஸ்ஸிங்கும் தவறுவதில்லை. எக்ஸ்ரேயில் குழாயின் நுனி சரியான இடத்தில்தான் இருக்கிறது. வீக்கம், வலி, காய்ச்சல் எதுவும் இல்லை. இந்த லைனை எடுத்துவிட்டு இடது கையில் புதிதாகப் போடலாம் என்கிறார்கள் மருத்துவமனையில், அந்தக் கையில் நரம்பு கிடைப்பதே பெரும்பாடு. அடுத்த கீமோ வியாழக்கிழமை. ஆல்டிபிளேஸ் மாதிரி ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் குழாயில் நிறுத்திவைத்து, அதே லைனைக் காப்பாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?