'தாழம்பூ' கடைக்கு எந்த டொமைன் பெயர் பொருந்தும்?

கேள்வி:
திருநெல்வேலியில் பத்தமடைக் கோரைப்பாய் விற்கும் எங்கள் கடையின் பெயர் 'தாழம்பூ'. இணையத்திலும் விற்க எண்ணி டொமைன் பெயர் (இணையதள முகவரி) தேடினால், ஆங்கில எழுத்தில் இதை எப்படி எழுதுவது என்பதிலேயே வீட்டில் நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். தமிழ் எழுத்திலேயே வாங்கிவிடலாமா?

மறுமொழி 1:
ஐயா, தொல்லை ழகரத்தோடு நிற்கவில்லை. அதற்கு 'இசட் எச்' போடுவோரும் 'எல்' போடுவோரும் உண்டு. முதலில் 'டி'யா 'டி எச்'சா, முடிவில் 'யு'வா இரட்டை 'ஓ'வா என்று பார்த்தால் எட்டு வடிவங்கள் வந்துவிடுகின்றன. தொலைபேசியில் ஒருமுறை சொன்னதும் மறுமுனையில் இருப்பவர் திருப்பிக் கேட்காமல் எழுதிக்கொள்ளும் பெயரே நல்ல பெயர். 'கோரை' என்பதைப் பெரும்பாலோர் ஐந்தே எழுத்தில் ஒரே மாதிரி எழுதுவார்கள்.

மறுமொழி 2:
தமிழில் 'டாட் இந்தியா' என்ற ஈறு (முகவரியின் கடைசிப் பகுதி) உண்டு. ஆனால் அந்தப் பெயர் உள்ளுக்குள் 'எக்ஸ் என்' என்று தொடங்கி இரண்டு இணைப்புக்கோடுகளுடன் நீளும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித்தான் தேடப்படுகிறது. சில இடங்களில் வாடிக்கையாளர் கண்ணில் படுவதும் அக்கோவையே. மின்னஞ்சல் சேவைகளில் சில அதை ஏற்பதில்லை. ஆகவே கூடுதல் முகவரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
எதை வாங்கினாலும் உங்கள் பெயரிலேயே பதியுங்கள். எங்கள் தளத்தை வடிவமைத்தவர் தம் பெயரில் பதிந்துவிட்டதால், அதைத் திரும்பப் பெற ஆறு மாதம் அலைந்தேன்.

கேட்டவர்:
நன்றி. 'கோரைக்கடை' என்பதை டாட் இன் ஈற்றில், என் பெயரிலேயே பதிந்துவிட்டேன். கடைப் பலகையில் 'தாழம்பூ' அப்படியே இருக்கும்.